‘மாத்திப் பாப்பம்’ என்னும் தொற்றுநோய்

பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களின் சேமிப்பைக் கரைத்தது பெற்றோல் விலை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. அதைக் கரைத்தவை இரண்டே இரண்டு சொற்கள்: ‘மாத்திப் பாப்பம்.’

கார் கராஜுக்குள் நுழைகிறது. உரிமையாளர் ‘சூடாகுது’ என்கிறார். எப்போது சூடாகிறது, ஓடும்போதா நிற்கும்போதா, தண்ணீர் குறைகிறதா, குறைந்தால் எத்தனை நாளில் எவ்வளவு என்று ஒரு கேள்வியும் இல்லை. முன்மூடி திறக்கப்படுகிறது. ஒரு கை உள்ளே போகிறது. தீர்ப்பு வெளியே வருகிறது: ‘வோட்டர் பம்பாத்தான் இருக்கும் ஐயா. மாத்திப் பாப்பம்.’ மாற்றிய மூன்றாம் நாள் கார் மறுபடியும் சூடாகிறது. ‘அப்ப றேடியேற்றர்தான். மாத்திப் பாப்பம்.’ அதுவும் மாறுகிறது. சூடு மாறவில்லை. ‘ஹெட்டைக் கழட்டித்தான் பாக்கவேணும்.’

‘பாப்பம்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நேர்மையைக் கவனியுங்கள். தமக்குத் தெரியாது என்பதை அந்த மனிதர் ஒளிக்கவில்லை. தாம் செய்வது ஒரு பரிசோதனை என்பதை அவரே சொல்லிவிடுகிறார். பரிசோதனையின் செலவு மட்டும் உங்களுடையது.

என் கட்சி இதுதான். பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. பாகத்தை மாற்றுவது வேறு. முன்னது தொழில், பின்னது வியாபாரம். நாம் முன்னதற்கு ஒரு சதமும் கொடுக்க மறுத்து, பின்னதற்கு அள்ளிக் கொடுத்து, கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களைத் தொழிலை விட்டே துரத்திக்கொண்டிருக்கிறோம். இதில் கராஜ்காரர் மட்டும் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

இது பழைய கார்ப் பித்துப் பிடித்தவனின் புலம்பல் அன்று. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த கதவுக்குள் வரிகள் முதலில் நுழைந்தன. ஓர் ஆசிரியரின், ஒரு லிகிதரின் சம்பளத்தில் புதிய கார் என்பது இந்த நாட்டில் கனவிலும் வராத பொருள். ஆகவே, 1990களில் யப்பானில் செய்யப்பட்ட ஒரு நிசான் சனியோ ஒரு ரொயோட்டா கொறோலாவோதான் இன்றும் அப்பாச்சியைக் கிளினிக்குக்கும் பிள்ளைகளை ரியூசனுக்கும் கொண்டுபோகிறது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தொலைபேசியில், ‘உந்தப் பழசை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்கோவன்’ என்று சொல்வது மிக எளிது. வாங்குவதற்கு எதை விற்பது என்பதுதான் இங்குள்ளவரின் கேள்வி.

முதலில் சூட்டைப் பேசி முடிப்போம். நம் நாட்டில் அதிகம் பணம் கரைவது இந்த ஒரு பழுதில்தான் என்பது என் கணிப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குப் பல ஆண்டுகளாக அறிமுகமானவர். மேலே நான் சொன்ன வோட்டர் பம்ப், றேடியேற்றர், ஹெட் என்ற மும்முனைப் போர் அவருடைய நிசான் சனியில்தான் நடந்தது. இறுதியில் வேறொரு கராஜில், முப்பது வயது கூட நிரம்பாத ஓர் இளைஞர், வேலையைத் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘மாஸ்ரர், எங்கை வைச்சுச் சூடாகுது?’ யாழ்ப்பாண நகருக்குள், பஸ் நிலையத்தைச் சுற்றி ஊர்ந்து போகும்போது சூடாகும். பருத்தித்துறை வீதியில் விட்டு ஓட்டினால் ஊசி இறங்கிவிடும் என்றார் மாஸ்ரர். கண்டுபிடிப்பு அந்த விடையிலேயே முடிந்துவிட்டது. ஓடும்போது றேடியேற்றருக்குக் காற்றை வீதியே கொடுக்கிறது. நிற்கும்போது விசிறிதான் கொடுக்கவேண்டும். ஆகவே, ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது கொதிக்கும் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை. அந்த இளைஞர் விசிறியின் வெப்ப ஆளிக்குப் போகும் இரண்டு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். விசிறி சுழன்றது. செத்தது ஆளி. முழங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருள். அதற்காக ஒரு பம்பும் ஒரு றேடியேற்றரும் பலியாகின. ஹெட்டையும் கழற்றிச் சீவினார்கள்.

மாறாக, நகருக்குள் அமைதியாக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் கொதிக்கும் காருக்கு விசிறியால் ஆவது ஒன்றுமில்லை. அங்கே தண்ணீரின் ஓட்டம் போதவில்லை என்று பொருள்: உட்குழாய்கள் அடைபட்ட றேடியேற்றர், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் இளகிய கீழ்க்குழாய், தேய்ந்த பம்ப். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால், அப்போதுதான் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இயக்குங்கள். தொடக்கத்தில் சிக்கிய காற்று போன பின்னும் குமிழிகள் ஓயாமல் வந்தால், சிலின்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. இவ்வளவும் காசில்லாமல் செய்யக்கூடிய விசாரணை.

மூடி என்றதும் நினைவுக்கு வருகிறது. றேடியேற்றர் மூடியைப் போத்தல் மூடி போலவே நினைக்கிறார்கள். அது ஓர் அழுத்த வால்வு. பெரும்பாலான யப்பானியக் கார்களின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேலதிகமாக அவ்வளவு அழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 119 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் றப்பர் வெடித்து வில் தளர்ந்துவிட்டால் அதே தண்ணீர் 100இல் பொங்கி வெளியேறும். ‘தண்ணி அடிச்சுத் தள்ளுது, கஸ்கெற் போட்டுது’ என்ற தீர்ப்பு வழங்கப்பட்ட கார்களில் எத்தனை வெறும் மூடியால் தண்டிக்கப்பட்டவையோ!

இனி, என் கோபத்தின் உச்சிக்கு வருகிறேன். தேர்மோஸ்ராற். ‘இது சூட்டு நாடு, உது வெள்ளைக்காரன்ர குளிர் நாட்டுக்கு, கழட்டி விடுவம்.’ கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரே வசனம்; மொழி மட்டும் மாறும். அப்படிக் கழற்றி எறியப்பட்ட தேர்மோஸ்ராற்றுகளை ஒன்றுசேர்த்தால் ஒரு கப்பலுக்குக் கரை கட்டலாம். தேர்மோஸ்ராற் வெளியே அடிக்கும் வெயிலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இயந்திரத்தின் உள்ளே தண்ணீர் 82 பாகையை எட்டும்வரை மூடியிருந்து, அதன் பிறகு திறக்கிறது. கிளிநொச்சியில் பகல் 34 பாகையாக இருந்தாலும், இயந்திரம் எதிர்பார்க்கும் வெப்பத்துக்கு அது வெகு குளிரே. அதை அகற்றினால் இயந்திரம் தன் வேலை வெப்பத்தை எட்டத் திணறும். காபரேற்றர் இல்லாத கார்களில் கணினி, இயந்திரம் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி மேலதிகமாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் சிலின்டர் சுவரைக் கழுவி ஒயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். ‘கார் கனக்கப் பெற்றோல் குடிக்குது’ என்று அதே உரிமையாளர் அதே கராஜுக்குத் திரும்பி வருவார். அங்கே ஒக்சிசன் சென்சர் மாற்றப்படும்.

இதில் வேடிக்கையான கொடுமை ஒன்றும் உண்டு. பல யப்பானிய இயந்திரங்களில் தேர்மோஸ்ராற் திறக்கும்போது, அதன் அடித்தட்டு இயந்திரத்துக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை மூடிவிடும். தேர்மோஸ்ராற்றைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி நிரந்தரமாகத் திறந்திருக்கும். தண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றரை எட்டியும் பாராமல் சூடாகவே திரும்பச் சுற்றும். அதாவது, சூட்டைக் குறைக்கவென்று கழற்றிய பொருளே, இல்லாமற்போன காரணத்தால், ஏற்றத்தில் காரைக் கொதிக்க வைக்கும். தேர்மோஸ்ராற் பழுதென்று சந்தேகமா? கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்குமுன் அது திறக்கவேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள். வெற்றிடம் போடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. நம் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நாம் தினமும் காண்கிறோம்; சுரண்டுகிறோம். அதே தண்ணீரைத்தான் றேடியேற்றரின் நூலிழை போன்ற குழாய்களுக்குள்ளும் ஊற்றுகிறோம். ‘பனி பெய்யாத நாட்டுக்குக் கூலன்ற் எதற்கு?’ என்பது அடுத்த ஞானமொழி. உறையாமல் காப்பது கூலன்ற்றின் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டிய அதன் மற்ற இரு வேலைகள். அதை வடித்த நீரோடு கலந்து ஊற்றவேண்டும், கிணற்று நீரோடு அன்று.

அடுத்தது மின்சாரம். காலையில் திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்றொரு ஒலி, பிறகு மௌனம். பற்றரி மாறுகிறது. ஒரு மாதத்தில் மறுபடியும் ‘டிக்’. ஸ்ராற்றர் மாறுகிறது. பின் ஓல்ற்றனேற்றர். கடற்காற்றுப் படும் நம் ஊர்களில் நான் கண்டவரை, இத்தகைய வழக்குகள் பலவற்றில் குற்றவாளி எவரும் திரும்பிப் பாராத ஒரு தடித்த வயர்: இயந்திரத்தையும் காரின் உடலையும் பற்றரியின் எதிர்முனையோடு இணைக்கும் ‘எர்த்’. அதன் நுனியில் ஒரு போல்ற். போல்ற்றின் கீழே துரு. ஸ்ராற்றர் சுழலும்போது 150 அம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும். அந்தத் துருவின் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மட்டுமே என்றாலும், ஒன்றரை வோல்ற்றை அது ஒன்றே விழுங்கிவிடும். புதிய பற்றரி கொஞ்ச நாள் தன் பலத்தால் இதைத் தாண்டிவிடும். அதனால்தான் ‘பற்றரி மாத்தினாப் பிறகு சரியாப்போச்சு’ என்ற மாயை பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது பற்றரியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கக்கூடிய ஒரு மின்மானி. அதன் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறு முனையை இயந்திரத்தின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்ராற் பண்ணச் சொல்லுங்கள். மானி அரை வோல்ற்றைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். ஓல்ற்றனேற்றரை மாற்றச் சொல்பவரிடமும் இதே மானியைக் காட்டலாம். இயந்திரம் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருந்தால் ஓல்ற்றனேற்றர் தன் கடமையைச் செய்கிறது. அதைத் தொடாதீர்கள்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட ஆறு கேள்விகள் உண்டு: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இவற்றுக்கு விடை எடுக்காமல் எழுதுவதற்குப் பெயர் செய்தி அன்று, வதந்தி. நம் கராஜுகளில் நடப்பது பெரும்பாலும் வதந்தித் திருத்தம். ‘இந்த மொடலுக்கு உந்த வருத்தம் வழமைதான்’ என்பது வதந்தி. அந்தப் பழுது இருக்கும் நேரத்தில், அந்தக் காரில், அளந்து பார்த்தது என்ன என்பதே செய்தி.

‘பழுது இருக்கும் நேரத்தில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மொறிஸ் மைனர் அரை மணி நேரம் ஓடிவிட்டு நடுவீதியில் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது. கராஜுக்கு அது ஓடியே வந்து சேரும். அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே ஊகம் தொடங்கும். நின்ற இடத்திலேயே, நின்ற அக்கணமே, இரண்டு விடயங்களைப் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லை. ஒரு பிளக் வயரைக் கழற்றி, வேறொரு பிளக்கில் மாட்டி, இயந்திரத்தின் உலோகத்தில் சாய்த்து வைத்து ஸ்ராற் பண்ணுங்கள். பெற்றோல் ஒழுக்கோ வாடையோ இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். பொறி நீலமாகப் பறந்தால் குற்றம் பெற்றோல் பக்கம்: குழாயிலேயே ஆவியாகிவிட்டது, அல்லது பம்ப் ஓய்ந்துவிட்டது. மொறிஸ் மைனரின் மின்பம்ப் ‘டிக் டிக்’ என்று வாய்விட்டுப் பேசும். காது கொடுத்தால் போதும். பொறி இல்லையென்றால் அல்லது மஞ்சளாய் மங்கியிருந்தால் கொயிலையும் கண்டென்சரையும் பாருங்கள். சூட்டில் செத்துக் குளிரில் உயிர்ப்பது அவ்விரண்டின் சுபாவம். இந்த இரண்டு நிமிட வேலையை அறியாமல், காபரேற்றரை நான்கு தடவை கழற்றிப் பூட்டியவர்களை நான் அறிவேன்.

இந்த அறிவு நம்மிடம் இல்லாதது அன்று; இருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின், பொருளாதாரத் தடையால் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றுபோன காலத்தை என் வயதினர் மறந்திருக்க முடியாது. ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டுகளும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1950களில் செய்யப்பட்ட அந்த இயந்திரங்களின் அமுக்க விகிதம் ஏழை ஒட்டியது. இன்றைய இயந்திரங்களைவிட மிகக் குறைவு. அதனால்தான் அந்தக் கஷாயத்தை அவற்றால் விழுங்க முடிந்தது. அது புகைந்தது, நாறியது, ஒயிலில் கலந்து அதை நீராக்கியது, வால்வுகளில் கரி அப்பியது. இதை வீரகாவியமாக்க எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டு மேடைகளில் அவ்வாறு ஆக்குவோரைக் கேட்கும்போது எரிச்சல்தான் வருகிறது. அது நிர்ப்பந்தம். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அந்த நிர்ப்பந்தம் ஒன்றைக் கற்பித்தது. புதிய கொயில் இல்லை. புதிய கண்டென்சர் இல்லை. புதிய பம்ப் இல்லை. ‘மாத்திப் பாப்பம்’ என்று சொல்ல எவராலும் முடியவில்லை, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால். ஆகவே எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று அறிந்தே ஆகவேண்டியிருந்தது. பொயின்ற்றின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குக் கண்ணாலேயே வைத்த கைகள் அவை. தையல் ஊசியால் காபரேற்றரின் துவாரத்தைத் துப்புரவாக்கி, அது பெரிதாகிவிடாமலும் காத்த கைகள். பாதை திறந்து, பஞ்சிகாவத்தைக் கடைகளின் சாமான் லொறி லொறியாக வந்து இறங்கியதும் அந்தக் கைகளுக்கு மதிப்புப் போயிற்று. கண்டுபிடிப்பவனைவிட வாங்கிப் போடுபவன் வேகமானவன் ஆனான்.

‘இப்ப எல்லாத்துக்கும் ஸ்கானர் இருக்கு’ என்பார்கள். இருக்கட்டும். ஸ்கானர் சொல்வது காரின் முறைப்பாட்டை, காரணத்தை அன்று. எரிகலவையில் காற்று மிகுந்துவிட்டது என்று அது ஓர் இலக்கத்தைக் காட்டினால், உடனே ஒக்சிசன் சென்சர் மாற்றப்படுகிறது. அந்தச் சென்சர்தானே பாவம் உண்மையைச் சொன்ன சாட்சி! காற்று புகுந்த வழியோ வெடித்த ஒரு றப்பர்க் குழாய். சாட்சியைத் தூக்கிலிட்டு வழக்கை முடிக்கும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. போகட்டும். 1990களின் ரொயோட்டா ஒன்றை வைத்திருப்பவருக்கு ஸ்கானரும் தேவையில்லை. முன்மூடிக்குக் கீழே ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் டிஈ1, ஈ1 என்ற இரு துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால், இயந்திர எச்சரிக்கை விளக்கு மினுங்கி மினுங்கிப் பழுதின் இலக்கத்தைத் தானே எண்ணிக் காட்டும். தொழிற்சாலை இலவசமாகத் தந்த இந்த வாயை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

இனி, ஒத்திவைத்த குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவர்கள் உரிமையாளர்கள்.

மேலே சொன்ன இளைஞர் துண்டுக் கம்பியால் விசிறியைச் சுழலச் செய்தாரே, அவர் எவ்வளவு கேட்கலாம்? ஆளியின் விலையும், பூட்டிய கூலியும். அரை மணி நேர வேலை. அவர் கண்டுபிடித்ததற்கு? ‘பாத்ததுக்கும் காசோ?’ என்று கேட்பவர்கள் நாம். பல்வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னாலே காசு கொடுக்கிறோம். சட்டத்தரணி ‘வழக்குப் போடாதீர்கள்’ என்று சொன்னதற்கும் காசு கொடுக்கிறோம். கையில் கிறீஸ் பூசியவனின் மூளைக்கு மட்டும் விலை இல்லை. அப்படியானால் அவன் எதிலிருந்து வாழ்வது? பாகத்தின் இலாபத்திலிருந்து. எர்த் வயரைத் தேய்த்து இறுக்கியவனுக்குப் பத்து நிமிடக் கூலி. ஓல்ற்றனேற்றரை மாற்றியவனுக்குக் கூலியும் கடைக்காரரின் கொமிசனும். இந்தக் கணக்கில் எந்த முட்டாள் உண்மையைக் கண்டுபிடிப்பான்? நேர்மைக்குத் தண்டம் விதித்துவிட்டு நேர்மையைத் தேடுகிறோம். அவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர் கட்டாருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். அங்கே மணித்தியாலத்துக்குச் சம்பளம்.

ஆகவே பழுதைப் பார்ப்பதற்கென்று தனியாகக் காசு பேசுங்கள். பாகம் வாங்காவிட்டாலும் அது உங்களுக்குச் சேரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபின், அதற்கு ஈடாக ஒரு கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது: ‘இதுதான் பழுது என்று எப்படித் தெரியும்?’ அளந்த கணக்கை, கண்ட ஒழுக்கை, கேட்ட சத்தத்தைச் சொல்பவரிடம் காரை விடுங்கள். ‘அனுபவம் ஐயா’ என்று மட்டும் சொல்பவரிடமிருந்து திறப்பை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்ற விடாதீர்கள். எது குணப்படுத்தியது என்று பிறகு கடவுளுக்கும் தெரியாது. ‘இண்டைக்குப் பின்னேரமே வேணும்’ என்று நிற்பதையும் நிறுத்துங்கள். சூட்டில் வரும் பழுதைக் காண, இயந்திரம் சூடாகும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பழைய வாகனங்களையெல்லாம் ஒழித்தால் நாட்டில் புகை குறையும் என்று எழுதுவோர் ஆங்கிலப் பத்திரிகைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. புகைப்பது காரின் வயது மட்டும் அன்று. தேய்ந்த பிளக், அடைபட்ட காற்று வடிகட்டி, கழற்றி எறிந்த தேர்மோஸ்ராற். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் காபரேற்றரின் திருகைத் திருப்பிவிட்டு மறுநாள் பழையபடி வைக்கும் தந்திரத்தை ஒழித்தாலே பாதி வழக்கு முடியும். மேலும், இங்கிலாந்தில் மொறிஸ் மைனரைப் பேணிக் காப்போருக்காக 1990களில் உதிரிப்பாகங்கள் செய்து அனுப்பிய நாடு இது. அங்கே மரபுரிமை, இங்கே குப்பையா?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் கட்சி மாறுகிறேன். அது பிறேக். அங்கே, ‘பழுது தெரியட்டும், பிறகு மாத்துவம்’ என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அன்று. றப்பருக்கு ஆயுள் உண்டு. அது பழுதாகுமுன் அறிவித்துவிட்டு வருவதில்லை. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடலாம். பதுளைப் பக்கம் ஒரு நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதி வெறும் பஞ்சாகத் தரையைத் தொடும். எனவே, நன்றாகத்தானே பிடிக்கிறது என்று பாராமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள். கார் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால், சில்லின் உட்புறத்தோடு பழைய பிறேக் குழாயையும் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே வீங்கி அடைத்திருக்கும். எண்ணெய் குறைந்ததென்று இயந்திர ஒயிலை ஊற்றுவோரும் உண்டு. அது உள்ளேயுள்ள றப்பர்களை ஊதவைத்து முழு அமைப்பையும் கெடுத்துவிடும். மொறிஸ் மைனர், ஏ40 போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் வைத்திருப்போர் இன்னும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கிலும் பிறேக் இல்லை. மிஞ்சுவது கைப்பிறேக் மட்டும்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இயந்திரத்தை நிறுத்திவைத்து, பிறேக் மிதியை ஓரளவு பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கல் போல் நின்றால் நல்லது. மெல்ல மெல்லக் கீழே இறங்குமாயின், எங்கோ எண்ணெய் கசிகிறது. சில்லுகளின் உட்பக்கத்தில் ஈரம் ஒன்றும் காணவில்லையென்றால், கசிவது மாஸ்ரர் சிலின்டரின் உள்றப்பர். நாளைக்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.